பாஸ்டன் பனிக்கட்டிக்குக் கட்டிய வீடு மெரினாவில் நிற்கிறது, தெரியுமா?

மெரினாவில் காந்தி சிலையைத் தாண்டி வடக்கே போனால், சாலையின் மேற்குப் பக்கம் வட்ட முகப்போடு ஒரு கட்டடம். விவேகானந்தர் இல்லம் என்று பெயர்ப் பலகை சொல்லும், ‘ஐஸ் ஹவுஸ்’ என்று ஆட்டோக்காரர் சொல்லுவார். 1842ல் அது எழுந்தது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக என்பது தெரியுமா? பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, பாளம் பாளமாக மரத்தூளில் புதைத்து உலகமெங்கும் அனுப்பினார். 1833ல் கல்கத்தாவுக்குக் கிளம்பிய முதல் கப்பலில் 180 டன் ஏற்றினார்கள். நான்கு மாதம் வெயிலிலும் கடலிலும் வந்த பிறகும் சுமார் 100 டன் உருகாமல் கரை சேர்ந்தது! கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று ஊர்களிலும் அந்தப் பனிக்கட்டிக்கு வீடு கட்டினார்கள். கல்கத்தாவில் இன்று அது இல்லை. பம்பாயிலும் இல்லை. மூன்றில் மிஞ்சியது நம் ஊர் வீடு ஒன்றுதான்.

ஏன் மிஞ்சியது? இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல விரும்புவது அதைத்தான். ஐஸ் வியாபாரம் படுத்த பிறகும் அந்த வீட்டில் யாராவது குடியிருந்துகொண்டே இருந்தார்கள். இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் வித்தை இங்கேயே வந்ததும் 1880 வாக்கில் டியூடரின் தொழில் முடிந்துபோனது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி, ஜன்னலும் தாழ்வாரமும் வைத்து வீடாக்கினார். நண்பரான நீதிபதி கெர்னனின் பெயரைச் சேர்த்து ‘காசில் கெர்னன்’ என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரியில், மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது அங்கேதான். தென்னாட்டில் ராமகிருஷ்ண மடம் அதே ஆண்டு முளைவிட்டதும் அந்த வீட்டில்தான். பிறகு இன்னொரு ஆச்சரியம்: சகோதரி சுப்பலட்சுமி, சிறுவயதிலேயே கைம்பெண் ஆக்கப்பட்ட பெண்களைக் கூட்டிவந்து படிக்க வைத்ததும் இதே கூரையின் கீழ்! பனிக்கட்டி இருந்த இடத்தில் பாடப்புத்தகம். 1963ல் அதற்கு விவேகானந்தர் பெயர் வந்தது. 1997ல் ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்புக்குப் போய், இன்று கண்காட்சிக் கூடமாக இருக்கிறது. ஐந்து பிழைப்பு, ஒரே கட்டடம்.

அது சரி, கப்பல் சரக்கை இறக்கி வைக்கும் கிடங்கைக் கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில் யார் கட்டுவார்கள் என்று கேட்கிறீர்களா? அப்போது கடல் அருகில் இருந்தது! துறைமுகத்தின் சுவர்கள் 1870களில் கடலுக்குள் நீண்டதும், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கே தடுத்து நின்றது. மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்துக் கரையோ அதே காரணத்தால் அரிக்கப்பட்டது. கடல் பின்வாங்கிய தூரத்தை அளந்து பார்க்க ஐஸ் ஹவுஸை விட நல்ல அடையாளம் வேண்டுமா?

இடம் மாறிய கலங்கரை விளக்கத்தின் கதை தெரியுமா? சென்னையின் முதல் விளக்கு 1796ல் எரிந்தது கோட்டைக்குள் இருந்த எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் உச்சியில். கீழே வணிகர்கள் பேரம் பேசுவார்கள், மேலே கப்பல்களுக்கு வெளிச்சம். அந்தக் கட்டடம் இடிபடவில்லை, இன்றைக்குக் கோட்டை அருங்காட்சியகம் அதுதான். இரண்டாவது விளக்கு 1844ல் ஏற்றப்பட்டது. அதற்கென்றே கட்டிய கல்தூண், உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இன்னும் நிற்கிறது. வழக்குக்கு வருகிற நூறு பேரில் தொண்ணூறு பேர் அதை ஏதோ நினைவுத்தூண் என்று நினைத்துக் கடந்துபோவார்கள். மூன்றாவதுதான் அதிசயம்! 1892ல் திறந்த உயர் நீதிமன்றத்தின் மிக உயரமான குவிமாடத்தின் மேலேயே 1894ல் விளக்கை வைத்துவிட்டார்கள். பகலில் கீழே தீர்ப்பு, இரவில் மேலே திசை. 1977ல் மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வரும்வரை நீதிமன்றத்தின் தலையில்தான் ஊர் விளக்கு எரிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சுட்ட குண்டுகளில் ஒன்று அந்த நீதிமன்ற மதிலைத் தாக்கியதை அங்கே பதித்த கல் ஒன்று இன்றும் சொல்கிறது.

அந்த நீதிமன்றத்தைக் கட்டி எழுப்பியவர் ஒரு தமிழ்நாட்டு ஒப்பந்ததாரர் என்பது தெரியுமா? வரைபடம் ஹென்றி இர்வினுடையது. சுவர் நம்பெருமாள் செட்டியாருடையது. நீதிமன்றம், எழும்பூர் அருங்காட்சியகக் கட்டடங்கள், கன்னிமாரா நூலகம், பார்க் டவுனில் விக்டோரியா பப்ளிக் ஹால் என்று ஒரே மனிதரின் கைவண்ணத்தில் பாதி நகரம் சிவந்து நிற்கிறது. கணித மேதை ராமானுஜன் 1920 ஏப்ரலில் கடைசி மூச்சை விட்டதும் சேத்துப்பட்டில் இந்தச் செட்டியாருக்குச் சொந்தமான வீட்டில்தான். வரைந்த வெள்ளைக்காரர் பெயரைப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. கொத்தனார்களும் கல்தச்சர்களும் செட்டியாரும் சொன்னால்தான் தெரிகிறார்கள். இந்த அநியாயத்தை நம் பாடப்புத்தகங்களாவது சரிசெய்ய வேண்டும்.

இப்போது, இந்தக் கட்டடங்கள் எதனால் ஆனவை என்று பார்ப்போம். இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறியும். வெல்லமும் கடுக்காயும் சுவரில் இருக்கிறது, தெரியுமா? சிமென்ட் வருவதற்கு முன் எல்லாமே சுண்ணாம்பு. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டு, நீற்று, மணலோடு சேர்த்து மாடு கட்டிய அரவையில் அரைப்பார்கள். கடுக்காயை ஊறவைத்த தண்ணீரும் வெல்லப் பாகும் அதில் கலக்கும். வெல்லம் கலவையை இளக்கிக் கொடுத்து, பூசுகிறவருக்கு அவகாசம் தரும். கடுக்காயின் துவர்ப்பு கெட்டிப்படுத்தும். பிறகு சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உள்ளிழுத்து, ஆண்டுக் கணக்கில் மறுபடி கல்லாகவே மாறும்! அதாவது நூறு வயதுச் சுவர், கட்டிய நாளில் இருந்ததை விட உறுதியாக இருக்க முடியும். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் சேர்த்துக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினால், பளிங்கு என்று பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்று அந்தக் காலத்து ஐரோப்பியப் பயணிகள் வாய்பிளந்து எழுதியது இதைத்தான்.

கூரையும் நம்முடையதே. ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று கட்டடக்கலைப் புத்தகங்களில் இந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது ஒரு கூரை. தேக்கு உத்திரங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைக் குறுக்குச் சாய்வாகச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பால் ஒட்டுவார்கள். கீழே முட்டுக் கொடுக்காமலே நிற்கும்! அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்துவிட்டால் மழைக்கும் அசையாது, வெயிலுக்கும் கீழே குளுகுளுவென்று இருக்கும்.

இப்படிப்பட்ட சுவருக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல் என்ன தெரியுமா? பாசத்தோடு சிமென்ட் பூசுவது! சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். மழையில் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, செங்கல் உதிர்ந்து, உப்புப் பூத்து, வெளியே பார்க்கப் பளபளப்பாகவும் உள்ளே பொடியாகவும் ஆகிவிடும். அடுத்த எதிரி, பறவை எச்சத்தில் வந்து கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்று. மேலே வெட்டினால் போதாது. வேர் உள்ளே போய் இடுக்கை அகலப்படுத்திக்கொண்டே இருக்கும். புழங்குகிற கட்டடத்தில் யாராவது கன்று சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுவார்கள். பூட்டிய கட்டடத்தில் அதைப் பார்க்கவே ஆள் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்!

சுண்ணாம்புக்கே திரும்பினால் எரிந்த கட்டடமும் பிழைக்கும் என்பதற்குச் சேப்பாக்கம் அரண்மனை உயிர்த்தெழுந்த கதை சாட்சி. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768ல் எழுப்பியது அது. 1855ல் நவாப் பட்டம் முடிந்ததும் ஆங்கில அரசின் கைக்குப் போய், அலுவலகங்களாகவே ஒன்றரை நூற்றாண்டைக் கழித்தது. 2012 ஜனவரியில் ஒரு நள்ளிரவு. அரண்மனையின் ஒரு பகுதியான கலஸ் மகாலில் தீ. அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரைக் கொடுத்தார். கூரை விழுந்து, உத்திரங்கள் கரியாகி, வானம் தெரிந்த அந்தக் கூட்டைப் பார்த்த எவருக்கும் இனி இடிப்பதுதான் வழி என்று தோன்றியிருக்கும். பொதுப்பணித் துறை இடிக்கவில்லை! மறுபடி சுண்ணாம்பு அரைத்தார்கள். மறுபடி கடுக்காயும் வெல்லமும் வாங்கினார்கள். மறந்துபோன கலவையைத் தெரிந்த கைகளைத் தேடிப் பிடித்தார்கள். இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உட்காருவது அந்தக் கலஸ் மகாலில்தான். இடிந்து கிடந்த பக்கத்து ஹுமாயூன் மகாலையும் அதே முறையில் தூக்கி நிறுத்தினார்கள். இங்கே கிடைத்த லாபம் கட்டடம் மட்டுமில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு புதிய தலைமுறைக் கொத்தனார்கள் கிடைத்தார்கள். எனக்கு அதுதான் பெரிய செய்தி.

ஆனால் எல்லாத் தீயும் இப்படி முடியவில்லை. அண்ணா சாலையில் ஸ்பென்சரின் அழகான பழைய கட்டடம் 1983ல் எரிந்தது. அங்கே வணிக வளாகம் வந்தது. 1900ல் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது. பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் கிளியும் முயலும் விற்ற அந்தச் சந்தையின் இடத்தில் இன்று புறநகர் ரயில்கள் நிற்கின்றன. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். மூர் மார்க்கெட் என்ற பெயர் மட்டும் நிலையத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சென்னையின் மரபுக் கட்டடப் பட்டியல் எப்படிப் பிறந்தது தெரியுமா? விளம்பரப் பலகைகளால்! சாலைகளை மறைத்த ராட்சதப் பலகைகள் தொடர்பான வழக்கில், நீதிபதி பத்மநாபன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. எந்தெந்தக் கட்டடங்களுக்கு முன்னால் பலகை வைக்கக் கூடாது என்று தெரிய வேண்டுமே! அதற்காகத் தொகுத்த பட்டியலில் 467 கட்டடங்களும் இடங்களும் வந்தன. பலகைக்காகப் போட்ட அந்தப் பட்டியல், கட்டடத்தைக் காக்கும் கேடயமாக மாறியது 2010ல்.

மாற்றியது எது என்று கேட்டால் அண்ணா சாலைக்குத்தான் போக வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முனையில் 1897ல் ஸ்மித் என்ற மருந்து வணிகரின் நிறுவனத்துக்காக எழுந்த கட்டடம், பிறகு பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் என்று பெயர் பெற்றது. ஒரு காலத்தில் கோபுரமும் குவிமாடமுமாகச் சாலைக்கே மகுடம். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் சொத்தாகிவிட்ட அதை 2006ல் இடிக்கத் தொடங்கியபோது, மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பினர் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். இடிப்பு நின்றது. நான்கு ஆண்டு கழித்து வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு, பத்மநாபன் குழுப் பட்டியலில் உள்ளவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று சொன்னது. தமிழ்நாட்டில் மரபுக் கட்டடங்களுக்காகப் பேசுகிற எவரும் இன்றும் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான். மரபு ஆணையத்துக்கான சட்டத்தைச் சட்டமன்றம் 2012ல் நிறைவேற்றியது. நடைமுறைக்கு வர ஒரு மாமாங்கம் ஆனது, 2024.

வழக்குப் போட ஆள் வேண்டும், தெருவில் இறங்கவும் ஆள் வேண்டும். 1839ல் ஃப்ரீமேசன்களுக்காகக் கட்டி, பின்னர் காவல் துறைத் தலைமையகமான கடற்கரைச் சாலைக் கட்டடத்தை 1990களின் தொடக்கத்தில் இடிக்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, திட்டம் கைவிடப்பட்டது. 2003ல் ராணி மேரிக் கல்லூரி இருந்த இடத்தில் தலைமைச் செயலகம் வரப்போகிறது என்றதும், அதைக் காப்பாற்றியவர்கள் யார் தெரியுமா? அங்கே படித்த பெண்கள்! உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். 1914ல் தொடங்கிய கல்லூரி இன்றும் அதே கடற்காற்றில் நடக்கிறது. அதிலும் பாருங்கள், கட்டடத்தைக் காத்தவர்கள் அதில் தினமும் புழங்கியவர்கள்தான்.

ராஜாஜி ஹாலைக் கட்டியவர் ஒரு வானியலாளர் என்பது தெரியுமா? விருந்து மண்டபமாக 1802ல் முடிந்த அதை வடிவமைத்த ஜான் கோல்டிங்ஹாம், நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் நட்சத்திரம் பார்த்தவர்! சென்னையின் தீர்க்கரேகையை அவர் கணக்கிட்டுச் சொன்னதிலிருந்து பிறந்ததுதான் ‘மெட்ராஸ் நேரம்’. 1906ல் இந்தியாவுக்குப் பொது நேரம் வருவதற்கு முன்பு, நாட்டின் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் கடிகாரத்தைப் பார்த்துத்தான். அந்த வானாய்வகக் கட்டடம் இப்போது இல்லை. ஆனால் தொலைநோக்கியைத் தாங்கிய 1792ஆம் ஆண்டுக் கருங்கல் தூண் நுங்கம்பாக்கம் வானிலை மையத்துக்குள் நிற்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர்களுக்கும் தெரியட்டும் என்று தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் அதில் பொறித்திருக்கிறார்கள். புயல் எச்சரிக்கை வரும்போதெல்லாம் தொலைக்காட்சியில் நாம் பார்க்கிற அதே வளாகம்! ராஜாஜி ஹாலின் அகன்ற படிகளோ எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி மூவருக்கும் தமிழ்நாடு கண்ணீரோடு விடைகொடுத்த படிகள். ஆனால் அதே தோட்டத்தில் இருந்த பழைய அரசு மாளிகை, புதிய சட்டமன்றத்துக்கு வழிவிட்டு மண்ணோடு மண்ணானது. 2010ல் திறந்த அந்தச் சட்டமன்றம் நான்கே ஆண்டில் மருத்துவமனையாகிவிட்டது. மருத்துவமனையால் ஏழைகளுக்கு நன்மை, மகிழ்ச்சிதான். மாளிகையை இடித்ததுதான் இன்னும் வலிக்கிறது.

வால்டாக்ஸ் சாலைக்குப் பெயர் தந்த வரியைக் கட்டியவர் ஒருவரும் இல்லை, தெரியுமா? கறுப்பர் நகரத்தைச் சுற்றி 1770 வாக்கில் மதில் எழுப்பிய கம்பெனி, அதன் செலவை மக்களிடம் வரியாக வாங்க நினைத்தது. வாங்க முடியவில்லை. வரி போச்சு, மதிலும் பெரும்பாலும் போச்சு, சாலைப் பெயர் நிலைத்துவிட்டது. மதிலின் மிச்சத்தைப் பார்க்க ஆசையா? பழைய சிறைச் சாலையில் மாடிப் பூங்கா என்ற பெயரில், மதிலின் மேலேயே ஒரு பூங்கா இருக்கிறது. அந்த மதிலைக் கட்டிய ஒப்பந்ததாரர் பால் பென்ஃபீல்டுதான் சேப்பாக்கம் அரண்மனையையும் கட்டினார் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

ஒரு கல்லறை, வாகன நிறுத்தத்தையே தடுத்து நிறுத்திய விந்தை தெரியுமா? பழைய சட்டக் கல்லூரி வளாகம் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் இடுகாடு. கோட்டையை 1758ல் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது உயரமான கல்லறைகள் எதிரிக்கு மறைவிடமாகிவிட்டன. போர் முடிந்ததும் அவற்றை அகற்றினார்கள். பெயர் பொறித்த கற்கள் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதிந்தன. 1680ல் திறந்த அந்தத் தேவாலயத்துக்குப் போகிறவர்கள், கீழே உடல் இல்லாத கல்லறைக் கற்கள் மீது நடக்கிறார்கள்! ஆனால் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேலின் சிறு மகன் அடங்கிய சமாதி பழைய இடத்திலேயே தப்பித்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது என்பது தொல்லியல் சட்டம். பக்கத்திலேயே உயர் நீதிமன்றத்துக்கு வாகன நிறுத்தம் வேண்டும். இரண்டும் மோதி, சமாதியை இடம் மாற்றலாமா என்று 2023ல் அந்த உயர் நீதிமன்றமே விசாரித்தது!

இடிப்பதற்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உரிமையாளர்களைத் திட்டுவதில் பயனில்லை. பெரிய தோட்டத்துக்கு நடுவே இரண்டு மாடி வீடு. அந்த மனையில் பத்து மாடி கட்டச் சட்டம் அனுமதித்தால், மீதி எட்டு மாடியின் விலையை அந்தக் குடும்பம் தினமும் இழந்துகொண்டிருக்கிறது. இதற்கு ஒரு மருந்து உண்டு, தெரியுமா? கட்டாமல் விட்ட அந்த மாடிகளை வேறொருவருக்கு விற்றுவிடலாம்! வளர்ச்சி உரிமை மாற்றம் என்று பெயர். வாங்குபவர் நகரின் இன்னொரு பகுதியில் அந்த அளவுக்குக் கூடுதலாகக் கட்டிக்கொள்வார். விற்றவருக்குப் பணமும் கிடைக்கும், வீடும் நிற்கும். 1995லேயே மும்பை மரபுக் கட்டடங்களுக்கு விதி வகுத்து இந்த வழியைத் திறந்தது. சென்னையில் மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் வீடுகளுக்கு இதைப் பரவலாகக் கொண்டுவந்தால் எத்தனை திண்ணைகள் பிழைக்கும்!

நின்ற இடத்தில் காக்கவே முடியாத வீடு என்றால்? கழற்றி எடுத்துப் போய்விடலாம்! முட்டுக்காட்டில் 1996ல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடும் கேரள வீடும் அப்படி வந்தவைதான். உத்திரம் உத்திரமாகப் பிரித்து, எண் போட்டு, லாரியில் ஏற்றி வந்து, மறுபடி பூட்டியிருக்கிறார்கள். அருமையான வேலை. ஆனாலும் தெருவை விட்டு வந்த வீடு, தெருவில் நிற்கும் வீட்டுக்கு ஈடாகாது என்பதே என் கட்சி.

ஆனால் தெருவில் நின்றால் மட்டும் போதாது, உள்ளே ஆள் புழங்கவும் வேண்டும். விக்டோரியா பப்ளிக் ஹாலைத்தான் இதற்கு உதாரணமாகச் சொல்வேன். சென்னை மக்கள் முதன்முதலில் சலனப் படம் பார்த்தது 1890களின் பிற்பகுதியில் அந்தக் கூடத்தில். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டதும், 1897ல் விவேகானந்தர் முழங்கியதும் அங்கேதான். பிறகு பல பத்தாண்டுகள் பூட்டு. பக்கத்தில் சென்ட்ரல் ரயிலுக்கு ஓடிய லட்சக்கணக்கானவர்களுக்கு அது ஒரு சிவப்புச் சுவர் மட்டுமே. மாநகராட்சி 2023ல் புதுப்பிக்கும் பணியைக் கையில் எடுத்தது.

எல்லாவற்றையும் தேடித் தேடி எழுதிய எஸ். முத்தையா இல்லாவிட்டால் இதில் பாதி நமக்குத் தெரிந்திருக்காது. 1991ல் தொடங்கிய ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழில் 2019ல் மறையும்வரை இந்த நகரத்தின் கட்டடங்களுக்காக வாதாடிக்கொண்டே இருந்தார். ஆகஸ்ட் 22ஐ மெட்ராஸ் தினமாக 2004ல் தொடங்கிவைத்தவர்களிலும் அவர் ஒருவர். இன்று ஆகஸ்ட் பிறந்தால் காலையிலேயே இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஜார்ஜ் டவுனில் மரபு நடை போகிறார்கள்.

கடைசியாக ஒன்று. பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் இடிப்பிலிருந்து தப்பித்தும், ஆள் இல்லாமல் பாழடைந்து நிற்கிறது. அதிலிருந்து அண்ணா சாலையில் சற்று நடந்தால் 1904ஆம் ஆண்டு வெள்ளைக் கட்டடம் ஒன்று வரும். ஹிக்கின்பாதம்ஸ்! 1844ல் தொடங்கிய நிறுவனம், இந்தியாவின் மிகப் பழைய புத்தகக் கடை. கட்டிய நாளிலிருந்து இன்றுவரை அங்கே விற்பது புத்தகம்தான். உள்ளே போனால் முதலில் தரையைப் பாருங்கள், கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். பிறகு கூரையின் உயரத்தைப் பாருங்கள். பிறகு ஒரு புத்தகம் வாங்குங்கள்.